பச்சை வாளி

என் இங்கிலீஷைப் பற்றி அந்த நாளில் எனக்குப் பெரிய கர்வம் இருந்தது. இன்டர்மீடியட்டோடு படிப்பு நின்றுபோனவன்தான். ஆனாலும் கோட்டைக்குள் எங்கள் அக்கிரகாரத்தில் யாருக்காவது சர்க்காருக்கு மனு எழுத வேண்டுமென்றால் என்னைத்தான் கூப்பிட்டு அனுப்புவார்கள். பெரியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து நான் எழுதுவதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது.

சுதந்திரம் வந்து மூன்று வருஷம் ஆகியிருக்கும். கரமனைக்கு அப்பால் இருந்த ஒரு பவுண்டரியில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். முதலாளி திருநெல்வேலிக்காரர், சாலைக் கடைத்தெருவில் இரும்புக் கடை வைத்து முன்னுக்கு வந்தவர். அதுவரை அந்தப் பவுண்டரியில் பித்தளை வேலை மட்டும்தான். குத்துவிளக்கு, உருளி, கோவில் மணி. குழியில் கரி போட்டு, மூசை என்கிற மண்குடுவையில் பித்தளையை உருக்கி, மூசையோடு தூக்கி அச்சில் ஊற்றிவிடுவார்கள். முதலாளிக்கு அது போதவில்லை. பம்பு, சாக்கடை மூடி, கரும்பு ஆட்டும் உருளை என்று இரும்பில் வார்க்க வேண்டுமென்று ஆசை. அதற்காக இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு புது உலை வாங்கி நிறுத்தினார். வெளியே இரும்புத் தகடு, உள்ளே நெருப்புச் செங்கல். மேலேயிருந்து கோக் கரியும் இரும்பும் சுண்ணாம்புக்கல்லும் அடுக்கடுக்காகப் போட்டு, கீழே மின்சார விசிறியால் காற்றை ஊதினால், அடியில் உள்ள துவாரம் வழியாக இரும்பு தண்ணீராக வரும்.

அதை ஓட்டச் சொல்லிக்கொடுக்க வங்காளத்திலிருந்து ஒருவர் வந்தார். இரும்பு ஆலையில் ஆயுசெல்லாம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்குத் தமிழும் தெரியாது, மலையாளமும் தெரியாது. எங்கள் ஆட்களுக்கு இங்கிலீஷ் தெரியாது. நடுவில் நிற்க என்னை விட்டார் முதலாளி. டைப் மெஷினை விட்டு எழுந்து வந்து, கதர்ச் சட்டையோடு உலைக்கு முன்னால் நின்ற அந்த முதல் நாள் நன்றாக ஓர்மை இருக்கிறது.

ஆட்களில் முக்கியமானவர் பெரிய மோல்டர். மணலில் அச்சு கட்டுகிறவரை மோல்டர் என்போம். நாகர்கோவில் பக்கத்துக்காரர், நாற்பது வயசிருக்கும். அதிகம் பேசமாட்டார். அவருடைய மச்சினன், அதாவது மனைவியின் தம்பி, கொத்தனார். உலைக்குள் செங்கல் பதிக்க வந்தவன் அப்படியே வேலையில் தங்கிவிட்டான். உலைக்குள் மண் பூசுவது, வாளிக்கு மண் பூசுவது எல்லாம் அவன் பொறுப்பு. வாளி என்றால் உருகிய இரும்பைப் பிடித்து, இரண்டு பேர் நீளக் கம்பியில் தூக்கிக்கொண்டு போய் அச்சில் ஊற்றும் வாளி. உள்ளே மண் பூச்சு இல்லாவிட்டால் வாளியே உருகிவிடும். பித்தளை வேலையில் இந்த வாளிக்கு இடம் கிடையாது. அதனால் எல்லாருக்குமே அது புதுசு.

வங்காளக்காரர் முதல் நாள் உலையைத் தொடவே இல்லை. எல்லாரையும் உட்காரவைத்து, இரும்பின் கதையைச் சொன்னார். நான் ஒவ்வொரு வாக்கியமாகத் தமிழில் சொன்னேன். ஆரம்பத்திலேயே எனக்கு ஒரு அடி விழுந்தது. உலையிலிருந்து வரும் முதல் இரும்புக் கட்டிக்கு இங்கிலீஷில் 'பிக் அயர்ன்' என்று பேர். நான் யோசிக்காமல், "இதுக்குப் பன்றி இரும்புன்னு பேர்" என்றேன்.

 பின்வரிசையில் ஒருவன், "சாமி வாயில பன்னி வந்துட்டே!" என்றான். கொட்டகையே சிரித்தது. கதவருகே நின்ற முதலாளியும் வேட்டி முனையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். தாய்ப்பன்றியிடம் குட்டிகள் வரிசையாகப் பால் குடிப்பதுபோல, நீள வாய்க்காலிலிருந்து சின்னச் சின்னக் குழிகளுக்கு இரும்பு பாயுமாம். அதனால் அந்தப் பேர் என்று வங்காளக்காரர் விளக்கினார். அதைச் சொல்லி நான் சமாளித்திருக்கலாம். காது எரிந்துகொண்டிருந்ததால் அதைச் சொல்லாமல் விழுங்கிவிட்டேன். மறுநாளிலிருந்து எனக்குப் பன்னிச்சாமி என்று பேர். முகத்துக்கு நேரே யாரும் சொல்லவில்லை. ஆனால் காதில் விழும்.

அதற்குப் பிறகு நான் வார்த்தைக்கு வார்த்தை சொல்வதை விட்டேன். அவர் சொன்னதை வாங்கி, என் பாணியில் கட்டிச் சொல்ல ஆரம்பித்தேன். அது நன்றாகவே எடுபட்டது. பழைய நாளில் மரக்கரி போட்டு இரும்பு உருக்கியே இங்கிலாந்தில் காடெல்லாம் மொட்டையான கதையைச் சொன்னேன். நிலக்கரியைப் போட்டுப் பார்த்தார்கள். அதிலிருந்த கந்தகம் இரும்பில் இறங்கி, தட்டினால் உடைந்தது. பிறகு மரத்தைச் சுட்டுக் கரியாக்குவதுபோல நிலக்கரியையே சுட்டுக் கோக் ஆக்கினார்கள். மரக்கரி பாரம் தாங்காமல் பொடியும், கோக் தாங்கும். அதனால் உலைகள் உயர்ந்தன. ஊதுவதற்கு முதலில் நீர்ச்சக்கரம், பிறகு நீராவி யந்திரம். குளிர்காலத்தில் இரும்பு நன்றாக வந்ததால், குளிர்ந்த காற்றுதான் உலைக்கு நல்லதென்று எல்லாரும் நம்பியிருந்தார்கள். ஒருவன் காற்றைச் சூடாக்கி ஊதிப் பார்த்தான். கரி பாதியாய்க் குறைந்து இரும்பு கூடியது. உருகிய இரும்பைக் கம்பியால் கிளறிக் கிளறிப் பதமாக்கும் முறையைச் சொல்லும்போது, "உளுந்தங்களி கிண்டற மாதிரின்னு வெச்சுக்கோங்கோ. கெட்டியாகக் கெட்டியாகக் கையைக் கடுக்கும்" என்றேன்.

"அது சரி! அப்பிடிச் சொன்னா மனசிலாவுது" என்றார் பெரிய மோல்டர். அவர் வாயால் வந்ததால் அதற்குத் தனி மதிப்பு. அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்த வார்த்தையை மனசுக்குள் சொல்லிக்கொண்டே நடந்தேன்.

மூன்று வாரம் இப்படிப் போயிற்று. உலையில் கரி அடுக்குவது, காற்றைத் திருகுவது, அடித்துவாரத்தை மண் உருண்டையால் அடைப்பது எல்லாம் நெருப்பில்லாமலே ஒத்திகை பார்த்தார்கள். முதல் வார்ப்புக்கு முதலாளி நல்ல நாள் பார்த்து, சாலைக் கடைக்காரர்களுக்கும் இரண்டொரு அதிகாரிகளுக்கும் சொல்லி அனுப்பிவிட்டார். அதற்கு இரண்டு நாள் முன்னால் வங்காளக்காரர் காய்ச்சல் வந்து படுத்துவிட்டார். தள்ளிப்போடலாம் என்று பெரிய மோல்டர் சொன்னார். முதலாளி கேட்கவில்லை.

"அவரு சொல்லித் தந்தாச்சுல்லா? இனி நம்ம பாத்துக்கிடலாம். எதுக்கும் ஒரு தடவ போயிக் கேட்டுக்கிட்டு வாங்க சாமி" என்று என்னை அனுப்பினார். வாளிக்கு மண் பூசியவன் என்பதால் கொத்தனாரும் கூட வந்தான்.

பழவங்காடியில் ஒரு லாட்ஜில் மாடி அறை. கீழே கணபதி கோவிலில் விடாமல் தேங்காய் உடைந்துகொண்டிருந்தது. வங்காளக்காரர் கம்பளியைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தார். உதடு வெடித்திருந்தது. ஒவ்வொன்றாகக் கேட்டார். கரி எவ்வளவு, காற்று எப்போது திறப்பது, யார் எங்கே நிற்பது. நான் சொன்னேன். தலையை ஆட்டினார். பிறகு கண்ணை மூடிக்கொண்டே, "பச்சை வாளி கூடாது" என்றார் இங்கிலீஷில். 'கிரீன்' என்றுதான் சொன்னார். "கவனம். துவாரத்துக்குப் பக்கத்தில் பச்சை வாளி வரவே கூடாது."

எனக்குப் புரியவில்லை. எங்கள் வாளி கறுப்பு. அதில் பச்சை எங்கே வந்தது? காய்ச்சலில் பிதற்றுகிறாரோ என்றும் தோன்றியது. என்ன அர்த்தம் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்டால் இவனுக்கு இங்கிலீஷ் இவ்வளவுதானா என்று நினைத்துவிடுவாரே என்று அடக்கிக்கொண்டேன்.

"என்ன சாமி சொல்லுதாரு?" என்றான் கொத்தனார்.

பச்சை வாளி என்று சொன்னால் அவன் சிரிப்பான். சாயங்காலத்துக்குள் பவுண்டரி முழுக்கச் சிரிக்கும். பன்னிச்சாமி போய்ப் பச்சைச்சாமி ஆகிவிடுவேன். அந்த ஒரு விநாடியில் இதுதான் என் மனசில் ஓடியது. வேறு எதுவும் ஓடவில்லை.

"வாளி மொழுமொழுன்னு இருக்கணுமாம். சொரசொரப்பு கூடாதாம். இன்னொரு பூச்சு பூசிடு" என்றேன்.

"இன்னொண்ணா? சரி, பூசிருதேன்" என்றான் அவன்.

சொன்னபடி செய்தான். மறுநாள் காலையில் இன்னொரு பூச்சு கனமாகப் பூசி, வழவழப்பாகத் தேய்த்து, நாள் முழுக்க வெயிலில் வைத்தான். வார்ப்பு அன்று நான் வாளியைப் பார்த்தேன். மேலே தொட்டால் காய்ந்துதான் இருந்தது.

காலை பத்து மணிக்கு உலை பிடித்துவிட்டது. தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, வந்தவர்களுக்குச் சந்தனம் கொடுத்தாயிற்று. நான் அதிகாரிகளுக்குப் பக்கத்தில் நின்று, கோக் கரி இங்கிலாந்தில் பிறந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பெரிய மோல்டர் முன்னால், இன்னொருவன் பின்னால், வாளிக் கம்பியைப் பிடித்து நின்றார்கள். துவாரத்தைத் திறந்ததும் இரும்பு வெள்ளையாக ஒழுகி வாளியில் விழுந்தது. வந்தவர்கள் கை தட்டினார்கள்.

கால்வாசி நிறைந்திருக்கும். வாளிக்குள் பால் பொங்குகிற மாதிரி இரும்பு தளதளவென்று கொதித்தது. பெரிய மோல்டர் குனிந்து பார்த்தார். அடுத்த நொடி டப் என்று ஒரு சத்தம். ஆள் உயரத்துக்கு நெருப்பு எழும்பிச் சிதறியது. எல்லாரும் ஓடினோம். நானும் ஓடினேன். திரும்பிப் பார்த்தபோது பெரிய மோல்டர் முகத்தைப் பொத்திக்கொண்டு மணலில் உட்கார்ந்திருந்தார். கொத்தனார் ஒருவன்தான் அவரிடம் ஓடியவன். "அத்தான்! அத்தான்!" என்று கத்திக்கொண்டே மண்ணை அள்ளி அவர் வேட்டியில் பிடித்த நெருப்பை அணைத்தான்.

இடது கண் போய்விட்டது. கழுத்திலும் தோளிலும் வெந்திருந்தது. பின்னால் பிடித்தவனுக்குக் காலில் சின்னக் காயம்.

மறுநாள் ஆபீஸ் அறையில் விசாரணை. வங்காளக்காரர் காய்ச்சலோடு ரிக்‌ஷாவில் வந்து, நாற்காலியில் சாய்ந்திருந்தார். உடைந்த பூச்சுத் துண்டு ஒன்றைக் கையில் எடுத்து நசுக்கினார். உள்பக்கம் இன்னும் ஈரம். "பச்சை!" என்றார். "இதுதான் பச்சை. ஈர மண், சுடாத மண். ஒரு நாள் முழுக்க உள்ளே கரி நெருப்புப் போட்டுச் சுட்டிருக்க வேண்டும். நான் சொன்னேன். இரண்டு தடவை சொன்னேன்."

எனக்கு அப்போதுதான் புரிந்தது. 

முதலாளிக்கு அந்த அளவு இங்கிலீஷ் புரியும். என்னைப் பார்த்தார். "சாமி, அவரு சொன்னத நீங்க இவங்கிட்டச் சொன்னீங்களா?"

பதில் சொல்ல எவ்வளவு நேரம் எடுத்தேன் என்று தெரியாது. அதிக நேரம் எடுக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். "சொன்னேன்" என்றேன்.

கொத்தனார் சுவரோரம் நின்றுகொண்டிருந்தான். "சாமி, இன்னொரு பூச்சு பூசத்தானே சொன்னீங்க?" என்றான். அவன் குரலில் கோபம் இல்லை. நான் மறந்துவிட்டேன், ஞாபகப்படுத்தினால் சொல்லிவிடுவேன் என்று நம்புகிற குரல்.

"அதையும் சொன்னேன். நெருப்புப் போட்டுக் காயவைக்கவும் சொன்னேன்" என்றேன்.

அவன் என்னையே பார்த்தான். நான் முதலாளியின் மேஜையில் இருந்த பேனாக்கூட்டைப் பார்த்தேன். "இவனுகளுக்குச் சொன்னாலும் ஏறாது" என்றார் முதலாளி. நாள் தள்ளிப்போடச் சொன்னதைக் கேட்காதவர் அவர். அவருக்கும் பழி போட ஒரு ஆள் தேவைப்பட்டான். அன்றோடு கொத்தனாரை நிறுத்திவிட்டார்கள்.

நாலு நாள் கழித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப் பழத்தோடு போனேன். முகத்தில் பாதி கட்டு. என் குரலைக் கேட்டதும் எழுந்திருக்கப் பார்த்தார். "படிச்சவங்க வேலமெனக்கெட்டுப் போயிக் கேட்டுவந்து சொல்லியிருக்கீங்க. இவன் சோம்பல் பட்டிருக்கான் பாருங்க. இனி அவன் மொகத்துல முழிக்கமாட்டேன்" என்றார். நான் ஒரு பழத்தை உரித்துக்கொண்டிருந்தேன். உரித்து முடித்து அவர் கையில் வைத்தேன். அவ்வளவுதான்.

வராந்தாவுக்கு அவர் மனைவி என் பின்னாலேயே வந்தாள். மெலிந்த பெண். தூக்கமில்லாத கண். "சாமி, ஒண்ணு கேக்கலாமா? எந்தம்பி புள்ளைக மேல சத்தியம் பண்ணுதான், நீங்க காய வைக்கதப் பத்திச் சொல்லவே இல்லன்னு. நீங்க சொன்னது நெசந்தானா?"

முதலாளி கேட்டபோது பயத்தில் சொன்னேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். இவளிடம் எனக்கு என்ன பயம்? சுற்றிலும் யாரும் இல்லை. அவள் கேட்டது என் வேலைக்கு ஆபத்தாகவும் இல்லை. "நிஜந்தாம்மா" என்றேன். அவள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு திரும்பிப் போனாள். என் வாழ்க்கையில் வெட்கப்பட நிறைய இருக்கிறது. எல்லாவற்றிலும் அந்த வராந்தாதான் முதலில் நிற்கிறது.

பெரிய மோல்டர் உடம்பு தேறியதும் குடும்பத்தோடு ஊருக்குப் போய்விட்டார். பவுண்டரி நன்றாக நடந்தது. வங்காளக்காரர் எல்லாவற்றையும் கூட இருந்து ஓட்டிக் காட்டிவிட்டுப் போனார். போகும்போது எனக்குக் கை கொடுத்தார். ஆனால் முகத்தைப் பார்க்கவில்லை. வாளியைச் சுடாமல் எடுக்கக் கூடாது என்று தமிழிலும் மலையாளத்திலும் பலகை எழுதி மாட்டச் சொன்னார் முதலாளி. அதை எழுதியவனும் நான்தான். இரண்டு வருஷத்தில் என்னை மானேஜருக்கு அடுத்தபடியாக்கினார்கள். கல்யாணம் ஆயிற்று, பெண் பிறந்தாள். கொத்தனாரை நினைக்காத நாள் இல்லை என்று எழுதினால் பொய். மாதக் கணக்கில் நினைக்காமல் இருந்திருக்கிறேன். ஆனால் யாராவது என்னைப் பார்த்து "சாமி சொன்னா சரியா இருக்கும்" என்று சொல்லும்போதெல்லாம் சுவரோரம் நின்ற அவன் முகம்தான் கண்ணில் வரும்.

ஐம்பத்தாறில் நாகர்கோவில் பக்கம் மதராஸ் ராஜ்யத்தோடு சேர்வது உறுதியானதும், அங்கே ஒரு கிளை வைக்கலாம் என்று இடம் பார்க்க முதலாளி என்னை அனுப்பினார். தம்பானூரில் பஸ் ஏறிப் போனேன். தரகர் காட்டிய முதல் கட்டடத்தில் மராமத்து வேலை நடந்துகொண்டிருந்தது. சாரத்தில் உட்கார்ந்து பூசிக்கொண்டிருந்தவன் திரும்பினான். கொத்தனார். காதோரம் நரைத்திருந்தது.

என்னைக் கண்டதும் இறங்கி வந்தான். தரகரை டீ குடித்துவிட்டு வரும்படி அனுப்பிவிட்டு, நான் சொல்லிவிட்டேன். ஆறு வருஷமாக ஒத்திகை பார்த்த வாக்கியங்கள் ஒன்றும் வரவில்லை. "அன்னிக்கு நான் சொல்லலை. அவர் சொன்னது எனக்குப் புரியலை. தப்பாச் சொன்னேன், அப்புறம் பொய் சொன்னேன்" என்றேன்.

"எனக்குத் தெரியாதா சாமி? நான் பக்கத்துல நின்னவன்லா" என்றான். கரண்டியிலிருந்த சாந்தை வழித்துச் சட்டியில் போட்டான். "அவரு என்ன வார்த்த சொன்னாரு?"

"பச்சை வாளின்னார்."

அவன் சிரிப்பான் என்று பயந்து ஆறு வருஷத்துக்கு முன்னால் விழுங்கிய வார்த்தை. அவன் சிரிக்கவில்லை.

"பச்சன்னா? அத அப்பிடியே சொல்லியிருந்தாப் போதுமே சாமி. சுடாத கல்ல நாங்க பச்சக் கல்லுன்னுதானே சொல்லுதோம். செவரு காயலன்னா பச்சையா இருக்குன்னுதானே சொல்லுவோம். கொத்தனுக்குத் தெரியாத பச்சையா?"

 எனக்குந்தான் தெரியும். பச்சை மண் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன், கேட்டிருப்பேன்.

"எங்கிட்டச் சொல்லி என்ன செய்ய?" என்றான். "எங்க அக்கா வீடு ரெண்டு தெரு தள்ளித்தான். அவ மக சடங்குக்குக்கூட என்னக் கூப்புடல. அங்க போயிச் சொல்லுங்க."

"நீயும் வரயா?"

"நான் எதுக்கு? நான் போயிச் சொல்லாததா?" என்று சாரத்தில் ஏறிவிட்டான்.

போனேன். வழியில் இரண்டு தடவை பஸ் ஸ்டாண்டுப் பக்கம் திரும்பினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெரிய மோல்டர் வீட்டில் பாய் போட்டு உட்காரச் சொன்னார். இடது கண் இருந்த இடத்தில் தோல் இழுத்துச் சுருங்கியிருந்தது. இப்போது ஒரு பாத்திரக் கடையில் எடை போடும் வேலை என்றார். அவர் மனைவி மோர் கொண்டுவந்து வைத்தாள். நான் மோரைத் தொடாமல், இரண்டு பேருக்கும் கேட்கும்படி எல்லாவற்றையும் சொன்னேன். லாட்ஜ் அறை, ஆபீஸ் அறை, வராந்தா.

 பெரிய மோல்டர் ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தார். பிறகு எழுந்து, கொடியில் கிடந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். பொத்தான் ஒன்று துளை மாறி மாட்டியது. அதை அவர் கவனிக்கவில்லை. "எங்க வேல பாக்கான் இப்ப?" என்று மனைவியிடம் கேட்டார். அவளுக்குத் தெரியவில்லை. நான் இடத்தைச் சொன்னேன். என்னைத் தாண்டி வெளியே போய்விட்டார்.

அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. "ஆறு வருசம் சாமி" என்றாள். "எங்கம்மா சாவுக்கு இவரு ஒரு பக்கம், அவன் ஒரு பக்கமா நின்னாங்க." பிறகு, "அவுக ரெண்டு பேரும் வரப்ப நீங்க இங்க இருக்க வேண்டாம். போயிருங்க" என்றாள்.

போய்விட்டேன். அவர்கள் சேர்ந்து வந்தார்களா, வழியில் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் உரிமையும் எனக்கில்லை. நாகர்கோவிலில் இடம் எதுவும் சரியாக இல்லை என்று முதலாளியிடம் சொன்னேன். அதுவும் பொய். லாட்ஜ் விஷயத்தை அவரிடம் சொல்லவேண்டும் என்று பஸ்ஸில் வரும்போது தீர்மானித்திருந்தேன். அவர் மேஜைக்கு முன்னால் போய் நின்றதும் வேறு பேச்சு வந்தது. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று அந்தப் பவுண்டரியில் இன்னும் பதினெட்டு வருஷம் வேலை பார்த்து, மாலையும் கடிகாரமும் வாங்கிக்கொண்டு ஓய்வு பெற்றேன். முதலாளி சாகும்வரை, வாளியைக் காயவைக்கச் சொல்லியும் கேட்காத சோம்பேறி என்றுதான் அந்தக் கொத்தனாரைப் பற்றிப் பிறரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் இருந்தேன்.